அறுபத்தோராவது வளைவு

காரவள்ளி தாண்டியதும் பேருந்துக்குள் பேச்சு குறைந்துவிடும். சிலர் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே கொண்டுபோவார்கள், சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். அங்கிருந்து கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை உண்டு. எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி என்று எண்ணிக்கொண்டே போகலாம்.

2024 அக்டோபர் கடைசியில் அப்படி ஒரு பயணம். பக்கத்து இருக்கையில் மடியில் துணிப்பையோடு ஒரு பெரியவர். என் கையில் இருந்த பத்திரிகையில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி: உலகின் மிகப் பெரிய பகா எண் கண்டுபிடிப்பு, 4 கோடிக்கும் மேல் இலக்கங்கள். எட்டிப் பார்த்துப் படித்தார்.

“ஏந்தம்பி, இது எதாலயும் வகுபடாதுன்னு போட்டிருக்கு. யாரு இதை வகுத்துப் பாத்தது?”

“யாருமே வகுத்துப் பாக்கலைங்க.”

“அப்பறம் எப்படித் தெரியும்?”

சரியான கேள்வி. அன்று நான் சொல்லத் தொடங்கிய பதில் பத்தாவது வளைவுக்குள்ளேயே தடுமாறிவிட்டது. இந்த அத்தியாயம் அவருக்குத் தர வேண்டிய பாக்கி. இதில் அந்தச் சாலைக்கும், பெரியவர் மடியில் இருந்த பைக்கும் வேலை உண்டு.

பலகையில் தெரியும் பகா எண்கள்

ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண். 1-ஐ இதில் சேர்ப்பதில்லை. 12 மிட்டாய்களை மூன்று பேருக்கோ நான்கு பேருக்கோ சமமாகப் பிரிக்கலாம். 13 மிட்டாய்களை அப்படிப் பிரிக்க முடியாது. 13 பகா எண், 12 பகு எண், 3-உம் 4-உம் 12-இன் காரணிகள். தேவையான சொற்கள் இவ்வளவுதான்.

70 பலகைகளில் பகா எண் தாங்கியவை எத்தனை? 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47, 53, 59, 61, 67. மொத்தம் 19. முதல் பத்து வளைவுகளில் நான்கு, கடைசிப் பத்தில் இரண்டே இரண்டு. ஏற ஏறக் குறைகின்றன. மலை இன்னும் உயரமாக, வளைவுகள் கோடிக்கணக்கில் இருந்தால், ஒரு கட்டத்துக்கு மேல் பகா எண் பலகையே இல்லாமல் போய்விடுமா?

போகாது என்று யூக்ளிட் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். ஆனால் அடுத்த பகா எண் எவ்வளவு தூரத்தில் என்பதை அவர் சொல்லவில்லை. அதற்கு ஒரு வரம்பு உண்டு: எந்த எண்ணுக்கும் அதன் இரட்டிப்புக்கும் இடையில் ஒரு பகா எண்ணாவது இருந்தே தீரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்யர் செபிஷெவ் இதை நிரூபித்தார். 1919-இல் இந்தியக் கணிதவியல் கழகத்தின் ஆய்விதழில் இதற்கு மிகச் சுருக்கமான புதிய நிரூபணம் ஒன்று வந்தது. எழுதியவர் சீனிவாச ராமானுஜன்.

கொல்லிமலையிலிருந்து இறங்கினால் நாமக்கல். ராமானுஜன் குடும்பத்தார் வழிபட்ட நாமகிரித் தாயார் கோயில் அங்கேதான் இருக்கிறது. தன் கணிதமெல்லாம் தாயார் அருளியது என்று அவர் சொல்லிவந்தார். அதே ராமானுஜன் 1913-இல் ஆங்கிலக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில், ஓர் எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் என்பதை ஏறக்குறையத் துல்லியமாகச் சொல்லும் சூத்திரம் கிடைத்துவிட்டது என்று எழுதினார். அது அவர் நினைத்த அளவுக்குத் துல்லியமாக இல்லை. பகா எண்கள் அவரையும் ஒருமுறை வழுக்கிவிட்டன. 1919 கட்டுரையில் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். 41 முதல் எந்த எண்ணை எடுத்தாலும், அதன் பாதிக்கும் அதற்கும் இடையில் ஐந்து பகா எண்களாவது இருக்கும் என்றார். நம் சாலையில் 35-க்கும் 70-க்கும் இடையில் எண்ணிப் பாருங்கள், எட்டு இருக்கும்.

வளைவுக்கு வளைவு இரட்டிப்பு

பெரியவரின் பையில் இருந்தது சாமை. அதிலிருந்து ஒரு மணியை எடுத்து முதல் வளைவில் வைப்போம். இரண்டாவது வளைவில் 2 மணி, மூன்றாவதில் 4, நான்காவதில் 8. இப்படி ஒவ்வொரு வளைவிலும் முந்தையதைப் போல் இரு மடங்கு. எந்த வளைவில் நின்றாலும், அதுவரை வைத்தவற்றின் மொத்தத்தைக் கேட்டுக்கொள்வோம். இரண்டாவதில் 1+2=3. மூன்றாவதில் 7. நான்காவதில் 15. ஐந்தாவதில் 31. ஏழாவதில் 127. மொத்தம் எப்போதும் அடுத்த வளைவில் வைக்க வேண்டியதைவிட ஒன்று குறைவு.

31-ஆவது வளைவில் மொத்தம் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. ஆயிரம் சாமை மணி இரண்டு மூன்று கிராம்தான் இருக்கும், ஆகவே இது ஒரு லாரிச் சுமை. 61-ஆவது வளைவில் மொத்தம் 23,05,84,30,09,21,36,93,951 மணிகள். உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் எல்லாத் தானியத்தையும்விட அதிக எடை. மலைமேல் வைக்க இடம் இருக்காது.

இப்படிக் கிடைக்கும் மொத்தங்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். 3, 7, 31, 127 எல்லாம் பகா எண்கள். 15 பகு எண், 3×5. எந்த வளைவில் மொத்தம் பகா எண்ணாகும்? நான்கு கோடி இலக்க எண்ணும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

எந்தப் பலகைகளை விட்டுவிடலாம்

பலகை எண்ணே பகு எண்ணாக இருந்தால் மொத்தமும் கட்டாயம் பகு எண்தான். 35-ஆவது வளைவைப் பாருங்கள். முதல் ஏழு வளைவுகளின் கூட்டு 127. அடுத்த ஏழில் ஒவ்வொரு குவியலும், ஏழு வளைவு கீழே உள்ளதைப் போல் 128 மடங்கு, ஆகவே அவற்றின் கூட்டு 127×128. அடுத்த ஏழிலும் இதே கதை. ஏழேழாகப் பிரித்து ஐந்து பகுதிகளையும் கூட்டினால், ஒவ்வொன்றுக்குள்ளும் 127 உட்கார்ந்திருக்கிறது. மொத்தம் 127-ஆல் வகுபட்டே ஆக வேண்டும். மொத்தமே 1 ஆன முதல் வளைவையும் சேர்த்து, 70 பலகைகளில் 51-ஐ இப்படி ஒரே மூச்சில் கழித்துவிடலாம்.

மீதி 19 பகா எண் பலகைகள். அவற்றில் எல்லாம் மொத்தம் பகா எண்ணாகிவிடுமா? 11-ஆவது வளைவு முதல் இடறல். மொத்தம் 2047, அது 23×89. ஆக, பலகை பகா எண்ணாக இருப்பது நுழைவுச்சீட்டு மட்டுமே, இடம் உறுதி இல்லை.

மெர்சென் பாரிசில் வாழ்ந்த துறவி. 1644-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இந்த வளைவுகளில் மட்டும் மொத்தம் பகா எண், 257 வரை வேறு எங்கும் இல்லை என்றார். அந்தக் காலத்தில் அதையெல்லாம் அவர் சோதித்திருக்கவே முடியாது. துணிச்சலான ஊகம் என்றுதான் சொல்ல வேண்டும். அதில் ஐந்து பிழைகள். இரண்டு பிழைகள் கொல்லிமலைக்குள்ளேயே விழுந்தன: 61-ஐ விட்டுவிட்டார், 67-ஐத் தவறாகச் சேர்த்தார். 61 என்று எழுதியது 67 என்று அச்சாகிவிட்டதோ என்று மெர்சென் பக்கம் வாதாடியவர்களும் உண்டு.

31-ஐ சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் 1772-இல் உறுதிசெய்தார். 31-ஆவது மொத்தத்துக்குக் காரணி இருந்தால், அந்தக் காரணியை 62-ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும் (62 என்பது 31-இன் இரு மடங்கு). இது பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா காலத்து விதி. 2047-இன் காரணிகளிலும் இதைப் பார்க்கலாம்: 23-ஐயும் 89-ஐயும் 22-ஆல் வகுத்தால் மீதி 1. இந்த வடிகட்டியால் ஆய்லர் பார்க்க வேண்டியவை அதிகபட்சம் 747 எண்களாகச் சுருங்கின. இன்னொரு விதியால் அவற்றையும் மேலும் குறைத்துக்கொண்டார். 61-இலோ அதே வடிகட்டியைப் போட்டாலும் ஒரு கோடியே 24 லட்சம் வகுத்தல்கள் மிஞ்சும். நிமிடத்துக்கு ஒன்று என்று தூங்காமல் செய்தாலும் 23 ஆண்டுகள் ஆகும்.

127: காகிதமும் பென்சிலும் போதும்

பெரியவரின் கேள்விக்கு இங்கேதான் பதில் தொடங்குகிறது. ஏழாவது வளைவின் 127 பகா எண்ணா என்று, அதை எந்த எண்ணாலும் வகுக்காமல் கண்டுபிடிப்போம்.

4-இல் தொடங்குங்கள். கையில் இருக்கும் எண்ணை அதனாலேயே பெருக்கி 2 கழியுங்கள். வருவது 127-ஐத் தாண்டினால், 127-ஆல் வகுத்தால் என்ன மீதியோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதையே பலகை எண்ணைவிட இரண்டு குறைவான தடவை, அதாவது 5 தடவை செய்யுங்கள். கடைசியில் 0 வந்தால் பகா எண். வேறு எது வந்தாலும் பகு எண்.

மீதி காண்பதற்கும் வகுக்க வேண்டாம். 128 மணிகளை ஒரு கட்டாகக் கட்டுங்கள். 128-இல் 127-ஐத் தூக்கிப்போட்டால் 1 மிஞ்சும். ஆகவே ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு மணி, அத்துடன் கட்டில் அடங்காத உதிரி மணிகள். அவற்றைக் கூட்டினால் மீதி.

முதல் தடவை: 4×4=16, 2 கழித்தால் 14.
இரண்டாவது: 14×14=196, 2 கழித்தால் 194. ஒரு கட்டு, 66 உதிரி. மீதி 67.
மூன்றாவது: 67×67=4489, 2 கழித்தால் 4487. 35 கட்டு, 7 உதிரி. மீதி 42.
நான்காவது: 42×42=1764, 2 கழித்தால் 1762. 13 கட்டு, 98 உதிரி. மீதி 111.
ஐந்தாவது: 111×111=12321, 2 கழித்தால் 12319. 96 கட்டு, 31 உதிரி. கூட்டினால் 127, அதையும் தூக்கிப்போட்டால் 0.

127 பகா எண். 3-ஆலோ 7-ஆலோ 11-ஆலோ வகுத்தே பார்க்கவில்லை.

இதையே 11-ஆவது வளைவின் 2047-க்கு 9 தடவை செய்தால் கிடைப்பவை: 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசி எண் 0 இல்லை. 2047 பகு எண். அதன் காரணிகள் 23-உம் 89-உம் என்பதை இந்தச் சோதனை சொல்லவே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பகுதிக்கு அடுத்த பகுதியில் அது தேவைப்படும்.

128 பேர், 121 நாற்காலி

மந்திரம் போலத் தோன்றுகிறது. முழு நிரூபணம் இந்த நூலின் அளவுக்கு மீறியது, ஆனால் அதன் எலும்புக்கூட்டை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்துக் காட்டிவிடலாம்.

4, 14, 67 என்று போகும் இந்தச் சங்கிலிக்குப் பின்னால் இன்னொரு சங்கிலி மறைந்திருக்கிறது. அதில் ஒவ்வொரு கண்ணியும் ஒற்றை எண் அல்ல, இரண்டு மீதிகள் சேர்ந்த சோடி. நம் கணக்கு 0-இல் முடிந்தால், அந்த மறைவான சங்கிலி சரியாக 128 வெவ்வேறு சோடிகளைத் தொட்டுவிட்டுத்தான் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும். 128 விருந்தினர்கள், ஒருவர் போல் இன்னொருவர் இல்லை.

இப்போது 127-க்குக் காரணி உண்டு என்றே வைத்துக்கொள்வோம். மிகச் சிறிய காரணி 11-க்கு மேல் போக முடியாது, ஏனென்றால் 12×12 என்பது 127-ஐத் தாண்டிவிடும். அந்தக் காரணியால் வகுத்த மீதிகளாக எழுதினாலும் இந்த 128 சோடிகள் ஒன்றோடொன்று கலந்துவிடாது என்று நிரூபிக்கலாம். ஆனால் 11-ஆல் வகுத்தால் வரக்கூடிய மீதிகள் 11 தான். சோடிகள் அதிகபட்சம் 11×11, அதாவது 121. விருந்தினர் 128, நாற்காலி 121. ஆளுக்கொரு நாற்காலி போட முடியாது. ஆகவே அப்படி ஒரு காரணியே கிடையாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, நாற்காலிகளை யாரும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கவில்லை என்பதுதான். எண்ணிக்கையே தீர்ப்பு சொல்லிவிட்டது. பகா எண்ணாக இருந்தால் 0 வந்தே தீரும் என்பது இதன் மறுபாதி. அதற்குத் தனி நிரூபணம் உண்டு.

இந்த வழியின் முதல் வடிவத்தைத் தந்தவர் எட்வார் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர். அமெரிக்கர் லேமர் 1930-இல் அதை நாம் செய்த எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 61-ஆவது வளைவுக்கு 23 ஆண்டு வகுத்தலுக்குப் பதிலாக இதில் 59 பெருக்கல்கள் போதும். 61 பகா எண் வளைவுதான் என்பதை 1883-இல் முதலில் காட்டியவர் இவான் பெர்வூஷின், ரஷ்யாவின் உரால் பகுதியில் ஒரு கிராமத்துப் பாதிரியார்.

அறுபத்தேழில் ஒரு மௌனம்

1876-இல் லூக்கா இரண்டு காரியம் செய்தார். மெர்சென் பட்டியலில் இருந்த 127-ஆவது மொத்தம் பகா எண்தான் என்று காட்டினார். 39 இலக்கம் கொண்ட அந்த எண், தெரிந்த பகா எண்களில் மிகப் பெரியது என்ற பட்டத்தை 75 ஆண்டுகள் வைத்திருந்தது. கூடவே 67-ஆவது மொத்தம் பகா எண் அல்ல என்றும் காட்டினார். எதால் வகுபடும் என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. வகுபடும் என்பது உறுதி, அவ்வளவுதான். பூட்டிய பெட்டிக்குள் ஏதோ இருக்கிறது என்பது உறுதி, ஆனால் சாவி இல்லை.

சாவி கிடைக்க 27 ஆண்டுகள் ஆயின. 1903 அக்டோபரில், நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்தார். கரும்பலகையின் ஒரு பக்கம் 2-ஐ 67 முறை பெருக்கி 1 கழித்து எழுதினார். மறு பக்கம் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். இரண்டு விடைகளும் 147573952589676412927. ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார், அரங்கு எழுந்து கைதட்டியது என்கிறது கதை. எத்தனை நாள் பிடித்தது என்று பிறகு கேட்டதற்கு, மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். கதையில் கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம், பெருக்கலில் இல்லை. நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

பகா எண்ணா இல்லையா என்று அறிவது ஒரு வேலை, காரணிகளைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. முதலாவது எளிது, இரண்டாவது கடினம். நீங்கள் கைப்பேசியில் பணம் அனுப்பும்போது வேலை செய்யும் ரகசியக் குறியீடுகளில் ஒரு வகை இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. சில நூறு இலக்கப் பகா எண்கள் இரண்டை நொடியில் கண்டுபிடித்துப் பெருக்கிவிடலாம், பெருக்கிய பிறகு யாராலும் பிரிக்க முடியவில்லை. அதற்கு நான்கு கோடி இலக்கம் எதற்கு என்று கேட்டால், தேவையே இல்லை.

நான்கு கோடி இலக்கம்

பத்திரிகையில் வந்த எண், வளைவுக் கணக்கில் சொன்னால் 13,62,79,841-ஆவது வளைவின் மொத்தம். இலக்கங்கள் 4,10,24,320. நொடிக்கு ஓர் இலக்கமாக இடைவிடாமல் வாசித்தால் 475 நாட்கள் ஆகும். பக்கத்துக்கு 2,000 இலக்கமாக அச்சிட்டால் 20,500 பக்கங்களுக்கு மேல். கண்டுபிடித்தவர் அமெரிக்கர் லூக் டுராண்ட். 1996 முதல் உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளின் ஓய்வு நேரத்தைக் கொடுத்து மெர்சென் பகா எண் தேடும் திட்டம் ஒன்று நடக்கிறது. டுராண்ட் அதில் சேர்ந்து, 17 நாடுகளில் வாடகைக்கு எடுத்த வரைகலைச் செயலிகளை இறக்கினார். 2024 அக்டோபர் 11 அன்று டப்ளினில் இருந்த ஒரு செயலி, இது பெரும்பாலும் பகா எண்தான் என்று சமிக்ஞை கொடுத்தது. மறுநாள் டெக்சாஸில் இன்னொரு செயலி, நாம் 127-க்குச் செய்த அதே கணக்கைச் செய்து முடித்தது. நமக்கு ஐந்து தடவை. அதற்குப் பதின்மூன்று கோடியே அறுபத்திரண்டு லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு தடவையும் நான்கு கோடி இலக்க எண்ணை அதனாலேயே பெருக்கி, 2 கழித்து, கட்டுக் கட்டி, மீதி பார்த்து. கடைசியில் 0.

இந்தக் குறுக்குவழி மெர்சென் குடும்பத்துக்கு மட்டும் வாய்த்தது. மற்ற எண்களுக்குப் பொதுவான வழி, ஊகம் கலக்காமல், எண் நீண்டாலும் கட்டுக்குள் அடங்கும் நேரத்தில் தீர்ப்பு சொல்லும் வழி உண்டா என்று உலகம் நெடுநாள் தேடியது. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து பதில் வந்தது. பேராசிரியர் மணீந்திர அகர்வால், அப்போதுதான் பட்டப்படிப்பு முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவரின் கட்டுரை அது. சாதனை எண்களைத் தேடுகிறவர்கள் அதைப் பயன்படுத்துவதில்லை, அவர்களுக்குத் தங்கள் குடும்பத்துக் குறுக்குவழியே வேகம். ஆனால் வழி உண்டா என்ற கேள்வி அன்றோடு முடிந்தது.

முடியாத கேள்வி ஒன்று இருக்கிறது. மெர்சென் பகா எண்கள் முடிவில்லாமல் வருமா, எங்காவது நின்றுவிடுமா? டுராண்டின் எண், கண்டுபிடிக்கப்பட்டவற்றில் 52-ஆவது. 53-ஆவது உண்டா என்று யாருக்கும் தெரியாது. கொல்லிமலைச் சாலையில் ஒன்பது இருக்கின்றன: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 61 ஆகிய வளைவுகளில். அடுத்தது 89-இல் வருகிறது. சாலை 70-இலேயே முடிந்துவிடுகிறது.